ஒப்பீட்டு ஆள், எண் ஏழு

ஜூன் மாதத்தின் மூன்றாவது தூசுக்காற்று
ஷுவைக் துறைமுகத்துக் கிரேன்களை
ரப்பர் வைத்து அழித்துவிட்டுப் போயிருந்த காலை.
ரத்தம் கொடுக்க வந்தவர்கள்
வாசலில் செருப்பைத் தட்டித் தட்டி உள்ளே வந்தார்கள்.

ஆஸ்துமாக்காரர்களின் பட்டியல் எப்போதோ நிறைந்துவிட்டது.
அவர்களுக்கு எதிரே நிறுத்திப் பார்க்க
ஒன்றும் இல்லாதவர்கள் இருபது பேர் வேண்டும்.
படிவத்தில் பதினோரு கேள்விகள்.
நான் கேட்டு முடிக்கும் முன்பே
பதினொன்றுக்கும் இல்லை என்றார் சேகு நைனா.
ஜஹ்ரா பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்,
தொண்டிக்காரர்.
ஊசி ஏறும்போது சுவரிலிருந்த தீயணைப்பானின்
காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார்.
பிறகு கொடுத்த ஜூஸை
இடது கன்னத்துக்கு ஒரு துளி போகாமல்
வலப்பக்கமாகவே உறிஞ்சினார்.
பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.
குழாயில் ஏழு என்று ஒட்டினேன்.

நியூட்ரோபிலுக்கு ஆயுசு கொஞ்சம்.
எலும்புக்குள் பிறக்கும், ரத்தத்தில்
ஒரு நாளோ ஒன்றரை நாளோ அலையும்,
எங்கிருந்து ஆள் வருகிறதோ அங்கே போய்ச் சாகும்.
(இந்த இடத்தில் வளைகுடாவைப் பற்றி
ஒரு வரி எழுதலாம்.
எழுதவில்லை. அது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிற வரி.)

அதன் மடியில் கட்டிக்கொண்டு வருகிற நொதிக்குப்
பெயர் நீளம்: மைலோபெராக்ஸிடேஸ்.
உப்பில் கொஞ்சம், பெராக்ஸைடில் கொஞ்சம் எடுத்து
நாங்கள் கழிவுத் தொட்டியில் ஊற்றுகிற
அதே பிளீச்சைத்
துளித்துளியாய்க் காய்ச்சுகிறது.
கிருமி வெந்துபோகும்.
கிருமியின் பக்கத்து வீடும் வெந்துபோகும்.
இந்த நொதியே இல்லாமல் பிறந்து
அது தெரியாமலே பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு.
அப்படியென்றால் எதற்கு இவ்வளவு அடுப்பு, இவ்வளவு புகை
என்று கேட்டால்
டாக்டர் பஷாயர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

தொண்ணூற்றாறு குழிகள் உள்ள தட்டு.
சாயம் விட்டால்
நொதி எவ்வளவோ அவ்வளவு நீலம்.
ஆஸ்துமாக்காரர்கள் வரிசையில்
துவைத்துத் துவைத்து வெளுத்த யூனிஃபார்ம் நீலம்.
ஒன்றுமில்லாதவர்கள் வரிசையில் தண்ணீர், தண்ணீர்,
தண்ணீர். ஏழில்
எழுதுகிற மை.

மறுபடி செய்தேன். மை.
வேறு தட்டில் செய்தேன். மை.
ஒட்டாத புள்ளி, தூக்கிவிடு என்றார் டாக்டர்.
சரிதான். தூக்கினால் கோடு அழகாய் வந்தது.

அன்று சாயந்திரம் பஸ் நிறுத்தத்தில் நின்று அழைத்தேன்.
“பல்லு வலிக்குதாண்ணே?”
அந்தப் பக்கம் என்ஜின் அணைந்தது.
“ரத்தத்துல பல்லெல்லாம் தெரியுமாம்மா?”
“ரத்தத்துல தெரியாது. ஜூஸ்ல தெரிஞ்சுது.”
சிரிக்கப் போய், வலித்து, நிறுத்திக்கொண்டார்.
“மூணு வாரமாச்சு. கிராம்ப வச்சுத்தான் வண்டி ஓடுது.
இக்காமா புதுப்பிக்கிற மாசம், பாத்துக்கங்க.
நோவுன்னு ஒரு தாள்ல ஏறிட்டா…”
வாக்கியத்தை அங்கேயே நிறுத்திவிட்டார்,
லாரியை ஓரங்கட்டுவதுபோல.
எங்கள் தாளில் பெயர் கிடையாது, எண்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் காற்றுதான் பேசியது.

வெள்ளிக்கிழமை ஒரு படம் அனுப்பினார்.
ஃபர்வானியாவில் ஏதோ கிளினிக்கின் எவர்சில்வர் தட்டு,
பஞ்சு, மூன்று வேரோடு கடைவாய்ப்பல்,
பஞ்சின் ஓரத்தில்
களிம்பேறிய செம்பின் பச்சை.

விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன்.
பதினான்கு மாதமாய் அதை நீலத்திலேயே பார்த்திருக்கிறேன்.
நீலம் நாங்கள் போட்டுவிட்ட சட்டை.
சீழின் பச்சை அதன் சொந்தத் தோல்.
சண்டை முடிந்த இடத்தில்
அது சும்மா கிடந்தது.

படத்துக்குக் கீழே கேட்டிருந்தார்:
“இனிமே கணக்குல சேத்துக்குவீங்களா?”

சேர்க்க முடியாது.
விலக்கப்பட்டவர்கள்: ஒருவர்.
காரணம் என்ற கட்டம் மிகச் சிறியது.
பல்
என்று மட்டும் அடித்தேன்.